எரியாததைப் பொறுக்குகிறவள்

கொண்டை ஊசி இரண்டு, மெட்டி, பாக்டரி அட்டை,
உள்ளாடைக் கொக்கி வரைக்கும் கழற்றிப்
பூட்டிய பெட்டிக்கு எண் பதினாறு.
"வேதவல்லி ஆனாக் பெரெம்புவான் சின்னையா?"
ஆமாம் என்றேன்.
அப்பன் பெயரையும் சேர்த்தேதான்
உள்ளே அனுப்புகிறார்கள்.

முதலில் புளியங்கொட்டை.
தீபாவளிக்குள் கோழிமுட்டை.
தொடையில் அது வலிக்கவே இல்லை.
வலித்திருந்தால் எப்போதோ வந்திருப்பேன்.

காதில் தக்கை, கையில் ரப்பர்ப் பந்து:
பயமென்றால் அழுத்தலாம்.
அழுத்தவில்லை.
தகரக் கூரைமேல் யாரோ
ஆணி பிடுங்கிக்கொண்டிருந்தார்கள்,
இருபது நிமிடம்.

சத்தம் நின்றது. ஹஃபீசா வந்து
நரம்பில் மருந்தை விட்டாள்.
கொஞ்சம் ஜில்லென்றிருக்கும், காக்.
முழங்கையைத் தாண்டி ஒரு குளிர்நூல் ஏறிற்று.
நாக்கில் பத்துக்காசு ருசி.
அசையாதே.
மீண்டும் தகரக் கூரை.

பயான் லெப்பாஸில் என் வேலை இதுதான்.
பதினொரு வருஷம், இரவு ஷிப்ட்.
அரிசிமணி அளவு விளக்குகளுக்கு
மின்சாரம் கொடுத்துப் பார்ப்பேன்.
எரிந்தால் நல்லது.
எரியாதது சிவப்புத் தட்டுக்கு.

பத்து நாள் கழித்து, கிளினிக்கின் கடைசி நம்பர் எனக்கு.
டாக்டர் ஓங் திரையைத் திருப்பினார்.
இடப்பக்கம், மருந்துக்கு முன்:
எல்லாம் ஒரே சாம்பல்,
எது என் சதை எது அது, தெரியவில்லை.
வலப்பக்கம், மருந்துக்குப் பின்:
தொடைக்குள் ஒரு வெள்ளை வளையம்,
கோணலாய், ஒருபுறம் தடித்து.

"எரிகிற இடத்தில் ரத்தம் ஓடுகிறது.
அங்கேதான் அதற்கு உயிர்.
நடுவில் கறுப்பு, செத்த பகுதி.
எலும்பை இன்னும் தொடவில்லை.
ஊசியால் சதை எடுப்பது எரிகிற ஓரத்தில்.
கறுப்பில் குத்தினால் ஒன்றும் சொல்லாது."

இன்னும் என்றாரே, அதைப் பிடித்துக்கொண்டேன்.
அப்புறம் திரையையே பார்த்தேன்.
அவ்வளவு சுத்தமாய் எரிந்தது.
என் மேஜைக்கு வந்திருந்தால்
பாஸ் என்று தள்ளியிருப்பேன்.

நல்லதா, கெட்டதா?
"ஊசிக்குப் பிறகு சொல்கிறேன். புதன்கிழமை."
புதன் ஓவர்டைம் இருக்கிறது என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
நானும் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

பஸ் ஜெலுத்தோங் கடலோரமாய் வந்தது.
மழை இருட்டில் தெருவிளக்குகள்
முன்னதாகவே போட்டுவிட்டார்கள்.
ஒரு கம்பம் மட்டும் எரியவில்லை.
அதனடியில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி
ஒருவன் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தான்,
நிம்மதியாய், மழைச்சட்டையோடு.

என் வலது கை
பந்து இல்லாமலே
மூடிக்கொண்டது.