மூன்று மடிப்பு

ஹெல்கெலாந்துக் கரையில் மழை
மேலிருந்து மட்டும் பெய்வதில்லை.
கடலிலிருந்து குறுக்கே வரும்.
சக்கரத்திலிருந்து மேலே வரும்.
சில சமயம், சத்தியமாகச் சொல்கிறேன்,
மணிக்கட்டு வழியே உள்ளே ஏறி
கழுத்துப்பட்டியில் எட்டிப் பார்க்கும்.

புறப்படும் முன்
சம்பளத்தில் கால்பங்கு கொடுத்து
ஆரஞ்சு நிறப் பை இரண்டு வாங்கினேன்.
தையலே கிடையாது, எல்லாம் ஒட்டு.
வாயை மூன்று முறை மடித்துக் கொக்கி போட்டால்
ஆற்றில் எறிந்தாலும் மிதக்கும் என்றான் கடைக்காரன்.
வீட்டுக்கு வந்ததும் குளியல் தொட்டியில்
மிதக்கவிட்டே பார்த்தேன்.
ராக்ன்ஃப்ரிட் கதவோரம் நின்றாள்,
பல் தேய்த்தபடி.

அவளுடையது பழைய கித்தான் பை.
அடியில் எலி கடித்த ஓட்டை.
உள்ளே எல்லாமே ரொட்டிக் கவரில்.
காலுறைக்கு ஒன்று, தீப்பெட்டிக்கு ஒன்று,
அரிசிக்கு ஒன்றுக்குள் ஒன்றாய் இரண்டு,
கம்பளிச் சட்டைக்குக் கறுப்பில் பெரிதாய் ஒன்று.
ஒவ்வொரு கழுத்திலும் ரப்பர் வளையம்.
'குப்பை பொறுக்கவா போகிறோம்?' என்றேன்.

கேட்டிருக்கக் கூடாது.
ப்ரென்னெய்சுண்ட் தாண்டி இரண்டு நாள்
வழி கேட்டால் மட்டும் வாய் திறந்தாள்.
'இடது.'
'ம்.'
'படகு நாலு இருபதுக்கு.'

மூன்றாம் நாள் நண்பகல்
சுரங்கப்பாதை வாசலில் பிஸ்கட் எடுத்தேன்.
விரல்கள் என்னுடையவை மாதிரியே இல்லை.
பையை மூடினேன்.
ஒரே மடிப்பு.

படகுத்துறைக் கொட்டகையில்
மின்னடுப்பின் பக்கம் மீன்பண்ணை ஆள் ஒருவர்
ரப்பர் பூட்ஸைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார்.
கேரியரிலிருந்து பையை இறக்கியபோதே தெரிந்தது,
கைக்குழந்தை கனம்.
திறந்தேன்.
சாணளவு தண்ணீர்.
நல்ல பைதான், குறை சொல்ல மாட்டேன்,
வாங்கிய மழையில் ஒரு சொட்டும்
வெளியே கசியவிடவில்லை.
படுக்கைப் பை அடியில் கிடந்தது,
செத்த நீர்நாய் மாதிரி.
பன்னிரண்டு தேயிலைப் பொட்டலமும்
சாயம் இறங்கி முடித்து
மேலே மிதந்துகொண்டிருந்தன.

மீன்பண்ணை ஆள் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்.
பழுப்புத் தண்ணீரை நிதானமாக ஆராய்ந்தார்.
'சர்க்கரை போட்டாச்சா?'

ராக்ன்ஃப்ரிட் சிரித்தாள்.
இரண்டு நாளாய் அடக்கியது,
கொட்டகைத் தகரம் அதிர வந்தது.

அவள் பைக்குள்ளும் மழை போயிருந்தது.
போய், எலி திறந்த வழியே
தன்பாட்டுக்கு இறங்கி,
சிமெண்டுத் தரையில் கோடாய் ஓடி
வாசலைத் தாண்டிவிட்டது.

அன்றிரவு கூடாரத்தில்
ஒரு ரொட்டிக் கவரை என் பக்கம் தள்ளினாள்.
காலுறை.
கம்பு மாவு பிசிறியிருந்தது விரல் நுனியில்,
சீமைச்சோம்பு வாசனை.
அவள் அளவு. என் குதிகால் பாதியில் நின்றது.
இருந்தாலும் உலர்ந்தது, உலர்ந்தது, உலர்ந்தது!
மன்னிப்புக் கேட்டேனா, நினைவில்லை.
ரப்பர் வளையம் ஒன்று கேட்டேன்.
நாலு கொடுத்தாள்.

காலையில் ஆரஞ்சுப் பையை
பூர்ச்ச மரக் கிளையில் தலைகீழாய்த் தொங்கவிட்டு
கூடார முளையைக் கையில் எடுத்தேன்.
அடியில் ஒரே ஒரு துளை, போதும்.
முளையின் நுனி ஒட்டில் பட்டது.
விலை நினைவுக்கு வந்தது.
கையை எடுத்தேன், மறுபடி வைத்தேன்.

'படகு ஒன்பது பத்துக்கு' என்றாள் அவள்,
சைக்கிளில் ஏறி உட்கார்ந்துகொண்டு.
மழை பிடிக்கத் தொடங்கியிருந்தது.