பொருள் எண் ஒன்பது

எச்சில் தொட்டு ஒட்டாதீங்கக்கா,
மழைக்காலம், உரிஞ்சிரும் என்று
பசைக்குச்சியை நீட்டினான் ஜெராக்ஸ் கடை தனசீலன்.
பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப், கொஞ்சம் கோணலாக உட்கார்ந்தது.

பெறுநர்: பொதுத் தகவல் அலுவலர்.
அவர் பேர் என்ன என்றேன்.
பேர் வேணாம், பதவி போதும் என்றான்.
அனுப்புநரில் எனக்குப்
பேர் மட்டும்தான் இருந்தது: சகாயமேரி.

கேட்டது சின்ன விஷயம்.
ஆகஸ்டில், சமுதாயக் கூடத்தில்,
எங்கள் வார்டின் பகுதி சபை கூடியதே,
அன்றைய நடவடிக்கைக் குறிப்பின் நகல்.
காரணம் சொல்ல வேண்டியதில்லையாம் சட்டப்படி.
சொல்லாமல் இருப்பதுதான் கஷ்டமாக இருந்தது.

அன்றைக்கு நான் பேசினேன்.
மைக் கைக்கு வந்தபோது அதில்
வேறு யாருடைய உள்ளங்கை ஈரமோ.
ஓட்டேரி நல்லா பக்கம் எங்கள் தெரு முனை,
மூடி போன மழைநீர் வடிகால்,
அடையாளத்துக்கு அதன்மேல் ஒரு கால் உடைந்த நாற்காலி,
நாற்காலியில் கட்டிய சிவப்பு லைனிங் துணி
என் கடைத் துணி.
அந்தத் துணிக்கு முன்னால், பிப்ரவரியில்,
நூர்ஜஹான் பையன் அதில் இறங்கினான். எட்டுத் தையல்.
ரவிக்கை தைக்கிறவள் நான்,
தையல் கணக்கு தப்பாது.
எல்லாம் சொன்னேன். யாரோ கைதட்டினார்கள்.
கவுன்சிலர் எழுதிக்கொண்டார், அல்லது
எழுதுவதுபோல் பேனாவை அசைத்தார்.

இருபத்தெட்டாம் நாள் கடிதம் வந்தது.
ஆறு பக்கம், பக்கத்துக்கு இரண்டு ரூபாய்.
மண்டல அலுவலகத்தில்
உமாபதி என்று பலகை வைத்த மேசை
(அப்பாடா, ஒரு பேர்).
பன்னிரண்டு ரூபாய்க்கு ரசீது எழுத
இருபது நிமிஷம்.

பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபடி படித்தேன்.
வருகை நூற்று நாற்பது.
நாற்காலி எழுபதுதான், நானும்தானே எடுத்துப் போட்டேன்.
தேநீர் நூற்று நாற்பது. சமோசா நூற்று நாற்பது.
பொன்னாடை இரண்டு. ஒலிபெருக்கி வாடகை, தனியாக.
பொருள் ஒன்றிலிருந்து எட்டு வரை
ஏகமனதாக, ஏகமனதாக.
பொருள் எண் ஒன்பது:
இதர பொருள்கள் விவாதிக்கப்பட்டன.
நன்றியுரையுடன் கூட்டம் இனிதே நிறைவுற்றது.

தாளைத் திருப்பினேன். பின்பக்கம் வெள்ளை.
அப்படியானால் எங்கள் குழி இப்போது
இதரவில் இருக்கிறது.
நாற்காலி, சிவப்புத் துணி, பையனின் கால்,
மைக்கில் நடுங்கிய என் குரல்,
நாலு எழுத்துகூட இல்லாத ஒரு சொல்லுக்குள்
எப்படி மடித்து வைத்தார்களோ.
நான் மடித்தால் இவ்வளவு சின்னதாக வராது.

மறுபடி பத்து ரூபாய்.
"இதர" என்பது யாது எனத் தெரிவிக்கவும்.
பதில் ஒரே வரி:
கோரிய தகவல் அலுவலகப் பதிவேடுகளில் இல்லை.

நேரில் போய் நின்றேன்.
உமாபதி கெட்டவரில்லை.
இருக்கறதைத்தாம்மா குடுக்க முடியும்,
இல்லாததை உண்டாக்கித் தர சட்டத்துல இடமில்ல என்றார்.
அவர் கண்ணாடிக் காம்பை நூலால் கட்டியிருந்தார்.
முடிச்சு சுத்தமாக இருந்தது.
எழுந்தபோது, குரலைத் தாழ்த்தி,
நீங்க எழுதிக் குடுக்கறது எதுவானாலும்
நம்பர் போட்டு ஏத்தித்தான் ஆகணும் என்றார்,
வேறு யாரிடமோ சொல்வதுபோல் ஃபைலைப் பார்த்துக்கொண்டு.

மேல்முறையீட்டுக்குக் கட்டணம் கிடையாது.
தனசீலன் "பொருள்:" என்று அடித்துவிட்டு
என் முகத்தைப் பார்த்தான்.
வெளியே மழை பிடித்துவிட்டது.
நாற்காலி இந்நேரம் ஆடத் தொடங்கியிருக்கும்.

எத்தனை பக்கம் வரும்க்கா?

தெரியாது, அடி.
பிப்ரவரி பதினொன்று, சாயந்திரம் ஆறே கால்,
ஸ்கூல் பை முதுகில் இருந்தது,
இடது கால்.