நாலாம் நம்பர் மெஷின்

முதலில் அது ஐஸ் கம்பெனி.
சுவரில் கை வைத்தால் சித்திரையிலும் குளிரும்.
கம்பெனி நொடித்த பிறகு
தமாமிலிருந்து திரும்பிய சீனி நைனா
வெளியே ராட்டினமும் குட்டி ரயிலும் விட்டு
உள்ளே பதினோரு வீடியோ கேம் வைத்தார்.
வாசலில் வாய் பிளந்த பிளாஸ்டிக் டால்பின்.
மண்டபத்துக்கு அது போதும்.

டோக்கன் கூண்டில் நான்.
பிரகாசி, பத்தாம் வகுப்பு, கணக்கில் தொண்ணூற்றொன்று.
ராமேஸ்வரத்திலிருந்து திரும்பும் பஸ்கள் டீக்கு நின்றால்
ஈரத் தலையும் விபூதியுமாய்க் குடும்பங்கள் இறங்கி
கார் ஓட்டிச் செத்துச் செத்துப் பிழைக்கும்.

வாடைக் காற்றில் ஆளே இருக்காது.
உப்பு மட்டும் வரும், டோக்கன் வாங்காமல்.
ஏழாம் நம்பருக்குப் பச்சை நிறம் போயிற்று.
இரண்டாம் நம்பர்த் துப்பாக்கி
தானே சுட ஆரம்பித்தது,
யாருமில்லாத ஹாலில், பகலெல்லாம்.

கேம்ப்பிலிருந்து நிமலரூபன் வருவான்.
அவன் போடுவது எங்கள் டோக்கன் இல்லை,
கடலுக்கு அந்தப் பக்கத்துக் காசு.
டீக்கடையில் செல்லாது, பஸ்ஸில் செல்லாது.
நாலாம் நம்பர் வாங்கிக்கொண்டது
டிங் என்று,
ஒரு கேள்வியும் இல்லாமல்.

பார்த்தேன். சொல்லவில்லை.
ராத்திரி பெட்டியைத் திறக்கும்போது
என் காசைப் போட்டுக் கணக்கைச் சரிக்கட்டி
அதையெல்லாம் மேசையின் அடித்தட்டில் தள்ளிவிடுவேன்.

ஜெயித்தவன் பெயருக்கு மூன்றெழுத்துத்தான் இடம்,
அதுவும் இங்கிலீஷில்.
எம், என், ஆர் என்று போடுவான்.
யாருடா அது?
ஆளில்லை அக்கா. மன்னார்.

கரண்ட் போனால் ஜெயித்ததெல்லாம் அழிந்துவிடும்.
மண்டபத்தில் கரண்ட் போகாத நாள் எது?
மறுநாள் வந்து பூஜ்யத்திலிருந்து தொடங்குவான்.
பொறுக்கமாட்டாமல்
வரவு செலவு நோட்டின் பின்பக்கத்தில்
அவன் எண்களை எழுதத் தொடங்கினேன்.
நாற்பத்தோராயிரத்து அறுநூறு.
ஐம்பத்திரண்டாயிரத்துச் சொச்சம்.

மூடிய அன்று பழைய இரும்புக்காரர்
எல்லாவற்றையும் எடைக்கு எடுத்தார்.
டால்பினை மட்டும் தொடவில்லை, எடை நிற்காதாம்.
நைனா என் கடைசிச் சம்பளத்தோடு
ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலை நீட்டினார்.
நிறைய அந்தக் கரைக் காசு.
வீட்டில் எண்ணிப் பார்த்தேன்.
நான் தள்ளிவைத்ததைவிட அதிகம்.
ஞாயிற்றுக்கிழமை நான் பூசைக்குப் போனால்
கூண்டில் அவர்தான் உட்காருவார்.

இப்போது அந்த ஹாலில் கடற்பாசி காய்கிறது.
நோட்டு என்னிடம்.
கடைசி வரியில் எம், என், ஆர் என்று எழுதி
எண்ணுக்கு இடம் விட்டிருக்கிறேன்.
திரையைப் படிப்பதற்குள் கரண்ட் போய்விட்டது.
இருட்டில் நின்றுகொண்டு அவனும் நானும்
எவ்வளவு, எவ்வளவு என்று
ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருந்தோம்.