பன்னிரண்டு கிழங்கு

தடைக்காலத்தின் முப்பத்தெட்டாம் நாள்
மதுரை லாரியிலிருந்து
ஒரு மூட்டை உருளைக்கிழங்கைப்
பாதி விலைக்கு இறக்கினார் கிளாடுவின்.
மூன்று நாள் பொரியல், இரண்டு நாள் மசியல்.
ஆறாம் நாள் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார்,
இன்னும் ஏதோ வர வேண்டியிருக்கிறது என்பதுபோல்.

ராமநாதபுரத்தில் கேட்டரிங் படிக்கிற மகள்
போனில் சொன்னாள்:
"இருநூறு டிகிரி, ஒரு மணி நேரம்.
தோல உரிச்சிராதம்மா."

எங்கள் வீட்டில் டிகிரி இல்லை.
ஒரு கேஸ் அடுப்பு, அதிலும் ஒரு கண் குருடு.

முள்கரண்டியால் குத்தச் சொன்னாள்;
வலை முடிகிற ஊசியால் குத்தினேன்.
நல்லெண்ணெய், வாலிநோக்கம் கல்லுப்பு.
பன்னிரண்டையும் தூக்குச்சட்டியில் அடுக்கி
பாம்பன் பஸ் ஸ்டாப்பை ஒட்டிய
சேகு நயினா பேக்கரிக்கு நடந்தேன்.

பன் எடுத்து முடித்த மதியம் இரண்டு மணி.
சூளைக்குள் சீமைக்கருவேலங் கங்கு
கண்ணை மூடித் தூங்காமல் கிடந்தது.
டிகிரியைச் சொன்னேன்.
சிரித்தார். முழங்கைவரை உள்ளே விட்டு
"ஒண்ணு, ரெண்டு, மூணு..."
ஏழில் இழுத்துக்கொண்டார்.
"அஞ்சுன்னா ரொட்டி. ஏழுன்னா வர்க்கி.
ஒங்க கிழங்கு எதுல சேத்தின்னு தெரியல,
அசர் பாங்கு வரைக்கும் கெடக்கட்டும்."

கீரை வேறு கதை.
பரமக்குடியிலிருந்து பஸ்ஸில் வருகிற பசலை
வாடித்தான் வரும்.
பசலை என்றால் பிரிந்திருப்பவளின் நெற்றி நிறம் என்று
பள்ளிக்கூடத்தில் எழுதி
இரண்டு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.
இது பச்சை.
அறுபத்தோரு நாள் புருஷன்
வீட்டிலேயே இருக்கிறவளுக்கு
வேறென்ன நிறம் வரும்?

நான்கு தண்ணீர் அலசினேன்,
குடம் பத்து ரூபாய்த் தண்ணீர்.
அப்படியும் பல்லில் நெறுநெறுத்தது ஒரு மண்.
எங்கள் மண் இல்லை. கரிக்கவில்லை.
நான்கு கட்டும்
பூண்டோடு சட்டியில் இறங்கி
ஒரு கைப்பிடியாகச் சுருங்கியது,
கையெழுத்துப் போட்டு வாங்கி
கடன்காரர்களைத் தாண்டி
வீடு வந்து சேரும் நிவாரணத் தொகையைப் போல.

பேக்கரியிலிருந்து பத்துதான் திரும்பி வந்தது.
"வெந்துருச்சான்னு ரெண்டு பாத்தேன்" என்ற நயினாவின்
மீசையில் உப்பு.

கத்தியை வைத்ததும் கை தானாகவே
வயிற்றுப் பக்கம் கீறிற்று.
குடல் இல்லை.
பித்து உடையுமோ என்ற பயம் இல்லை.
ஆவி மட்டும் முகத்தில் அடித்தது.
வீடு மாறி நுழைந்துவிட்டவள்போல
ஒரு நொடி கை நின்றது.
பிறகு சதையை வழித்தேன்,
கீரை, மிளகு, வெண்ணெய் போட்டுப் பிசைந்தேன்.

ஓரமாய் உட்கார்ந்திருந்த கிளாடுவின்
வெறுந்தோல் ஒன்றைத் தூக்கி
வெளிச்சத்தில் திருப்பினார்.
"அடி மெலிசு. ஏராப் பக்கம் ஓட்டை வேற.
இதுல ஆள ஏத்துனா பாலத்தத் தாண்டாது."
பிடுங்கி
அதில்தான் இரண்டு பங்கு கீரை அடைத்தேன்.

மறுபடி பேக்கரிக்கு நடக்க வெயில் விடவில்லை.
தோசைக்கல், மேலே மூடி, மூடிமேல் நாலு கங்கு.
ஓரம் கருகியது.
கருகியதைத்தான் முதலில் எடுத்தார்.

நாலு தின்றார், தோலோடு.
மீன் இல்லையே என்று சொல்லவில்லை.
ஆனால் மெல்லும்போது நாக்கு
முள் இருக்கிறதா என்று
ஒதுக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தது,
கன்னத்தில் தெரிந்தது.

தடை முடிகிற ராத்திரி.
டோக்கன், டீசல் கேன், ஐஸ்.
என்ன கட்டட்டும் என்றேன்.
மீனுக்குப் போகிறவருக்கு
மீனையா கட்டிக் கொடுக்க முடியும்?
படி இறங்கியவர்
செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டு
"அந்த அடி மெலிசு இருக்கா?" என்றார்.

மூட்டையில் மிச்சமெல்லாம்
முளை விட்டுக் கிடந்தது.
நயினா தீ மூட்ட
இன்னும் மூன்று மணி நேரம்.