ஆறுக்கு நாலு

கொருக்குப்பேட்டை கேட் மூடியிருந்த நேரம்
கடைக்குள் வந்தாள் ஜெயசீலி.
வெளியே எண்ணெய் டாங்கிகளை இழுத்துக்கொண்டு
சரக்கு ரயில் ஒன்று
யாருக்கும் அவசரமில்லாதது போலப் போய்க்கொண்டிருந்தது.

"ஒரு பேனர் போடணும்ணா. ஆறுக்கு நாலு."

நான் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்:
நல்லதா, கெட்டதா?
காதுகுத்துக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும்
டிசைன் தயாராக இருக்கிறது.
முகத்தை மாற்றினால் போதும்.

"நல்லதுதான்" என்றாள்,
கொஞ்சம் யோசித்து.

பென் டிரைவில் நான்கு பிள்ளைகள்.
ஸ்டான்லியில் ஒரே கிழமையில்
பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுப்பவர்கள்.
தலசீமியா.
"பொறப்புலயே வர்றது. ரத்தம் நிக்காது.
மூணு வாரத்துக்கு ஒரு தபா ஏத்தணும்."
போனுக்கு ரீசார்ஜ் சொல்வதுபோலச் சொன்னாள்.

யாசிர், புளியந்தோப்பு. பத்தாம் வகுப்பு, நானூற்றுப் பதினேழு.
"கணக்குல எம்பத்தெட்டு. அத்த பெருசா போடு."
ஹேமாவதி, தண்டையார்பேட்டை. கேரம், மண்டலத்தில் இரண்டாவது.
இடது கையில் ஊசி ஏறிக்கொண்டிருக்க
சாப்பாட்டுத் தட்டின்மேல் மாத்திரை மூடியை வைத்து
வலது விரலால் சுண்டிப் பழகியவளாம்.
குணாளன், இரண்டாம் வகுப்பு. முன்பல் இல்லை.
இவன் என்ன ஜெயித்தான்?
"வருசத்துக்குப் பதினஞ்சு நாள்தான் லீவு.
பதினஞ்சும் ரத்தம் ஏத்துன நாளு.
அதுக்கு மேல ஒரு நாள் இருந்தா காட்டு."

கடைசியாகத் தன் மகள்.
பெனிட்டா, எட்டாம் வகுப்பு.
இருநூறு மீட்டர். மூன்றாம் இடம்.

மூன்றாம் இடத்துக்கு நான் பேனர் அடித்ததில்லை.
இந்த ஏரியாவில் டெபாசிட் போனவர்கூட
வெற்றி வேங்கை என்றுதான் போடச் சொல்வார்.
"பரிசு பெற்றார்னு பொதுவா போட்டுடலாமா?"

"மூணாவதுன்னே போடு.
பக்கத்துல, பதினெட்டாம் நாள்னு போடு."

அது என்ன கணக்கு என்றேன்.
ரத்தம் ஏறிய மூன்றாம் நாள்
அவள் மாடிப்படி ஏற மாட்டாள், தாவுவாள்.
பத்தாம் நாள்வரை வீடு தங்க மாட்டாள்.
பதினைந்துக்கு மேல் உதடு வெளுக்கும்.
பதினெட்டில், பால் பாக்கெட் வாங்கப் போனால்
சந்து முனையில் ஒருதரம் உட்கார்ந்துதான் வருவாள்.

"மீட்ட நாலாம் நாள் வர்ற மாதிரிதான் வெச்சாங்கோ.
மழைன்னு ரெண்டு வாரம் தள்ளிட்டாங்கோ.
ரத்தம் தள்ளி நிக்குமா?
டாக்டரம்மா, முடிஞ்ச வரைக்கும் ஓடட்டும்னாங்க.
பி.டி. மிஸ்ஸாண்ட இவ சொல்றா,
நானா நின்னா நின்னதுதான் மிஸ்,
நீங்க நிறுத்தாதீங்கன்னு."

ரயில் போய்விட்டது. கேட் திறக்கவில்லை.
எதிர்ப்பக்கம் இன்னொன்று வருகிறதாம்.

பதினெட்டு என்ற எண்ணை
பேனரின் பாதி உயரத்துக்கு இழுத்தேன்.
வழக்கமாக எல்லோரும் முகத்தை
வெளுத்துக் கொடு என்பார்கள்.
திரையில் கை வைத்து, "வெளுக்காதண்ணா" என்றாள்.
"இது மூணாம் நாள் எடுத்த போட்டோ."

அடியில் இவண் என்று ஒரு வரி.
இவண் இல்லாமல் வடசென்னையில் பேனர் கிடையாது.
யார் பேர் போட?

"யாருன்னு தெரியாதேண்ணா.
பையில குரூப்பும் நம்பரும்தான் இருக்கும்.
நெறைய பேரு."

போன வருஷம் ஏதோ தலைவர் பிறந்தநாளுக்கு
முகாமில் கால் நீட்டிப் படுத்தேன்.
ஒரு மாம்பழ ஜூஸ், ஒரு எவர்சில்வர் டப்பா.
ஜூஸ் அன்றே தீர்ந்தது.
டப்பாவில் இப்போது
பேனர் மூலைக்கு அடிக்கும் பித்தளை வளையங்கள்.

இவண் வரியில் "நெறைய பேரு" என்றே அடித்தேன்,
அவள் சொன்ன மாதிரி, எழுத்துப் பிழை பார்க்காமல்.

"கார்ப்பரேஷன்காரன் ரெண்டு நாள்ல அவுத்துடுவான்."

"புதங்கிழமை வரைக்கும் இருந்தா போதும்.
அன்னிக்கு நாலும் ஒண்ணா இந்தப் பக்கம் வரும்."

டப்பாவைத் திறந்தேன்.
மூலைக்கு ஒன்று போதும். இரண்டிரண்டு அடித்தேன்.
காற்று பலமாக வீசுகிற இடம் அது.