போடு, நிறுத்து

மூன்று நாளாக எங்களுக்குள் பேச்சில்லை.
இன்றிரவு இரண்டே சொல்:
போடு. நிறுத்து.

ஆயர் ஈத்தாம் பிளாட்டின் கீழ்த்தளத்தில்
நாற்பத்திரண்டாம் தூணுக்கும் குப்பைத்தொட்டிக்கும் நடுவே
எழுபத்தாறாம் வருடத்து டட்சன்
வாய் பிளந்து நிற்கிறது.
உள்ளே சாவியோடு சர்குணன்.
வெளியே ஒயரோடு நான்.
தூக்கி நிறுத்திய பானட், ஒரு நல்ல சுவர்.

போடு, என்றேன்.
வயிறு குலுங்கச் சுற்றுகிறது இன்ஜின்,
பிடிக்கவில்லை.
ஒயர் முனையை இரும்புக்கு ஓர் அரிசி தள்ளிப் பிடித்து
கண்ணை இடுக்கிப் பார்க்கிறேன்.
ஒன்றுமில்லை.
நிறுத்து.

பெட்ரோல் இருக்கிறது, மூக்கு சொல்கிறது.
பேட்டரி இருக்கிறது, ஸ்டார்ட்டர் கத்துவதே சாட்சி.
பொறி மட்டும் இல்லை.
புதிதாக எதையாவது மாற்றினாயா என்று
எந்த மெக்கானிக்கும் முதலில் கேட்பான்.
இங்கே கேட்கக்கூடிய ஒரே ஆள்
மூன்று நாளாக என்னிடம் எதையும் கேட்பதில்லை.

சண்டை எதைப் பற்றி என்று எழுதமாட்டேன்.
எழுதினால், அவன் பக்கமும் நியாயம் இருப்பது
உங்களுக்குத் தெரிந்துவிடும்.

முதலில் காயிலைச் சந்தேகித்தேன்.
பிறகு அதை விற்ற ஜெலுத்தோங் கடை பூன் ஹெங்கை.
பிறகு மழையை:
மலையடிவாரத்தில் ஒரு வாரமாகத் துணியே காயவில்லை,
டிஸ்ட்ரிபியூட்டர் மூடி எப்படிக் காயும்?
கழற்றி டீசர்ட் நுனியால் துடைத்தேன்.

போடு.
நிறுத்து.

லிஃப்டுக்குப் போகும் வழியில் ரோஸ்னா,
கையில் நாசி கண்டார் பொட்டலம்.
ரோசாக்கா? என்றாள்.
காரையா எங்களையா, தெரியவில்லை.
சிக்கிட் லா, என்றேன், இரண்டுக்கும் சேர்த்து.

டெஸ்ட் விளக்கின் முதலைவாயை இரும்பில் கடிக்கவிட்டு
ஊசியைக் காயிலின் கூட்டல் முனையில் வைத்தேன்: எரிந்தது.
கழித்தல் முனையில்: இருட்டு.
போடு.
சிமிட்டவேண்டும் இப்போது, பாயிண்ட் திறக்க மூட, திறக்க மூட.
சிமிட்டவில்லை.
டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் ஒயரை உருவினேன்.
உடனே எரிந்தது.

ஆக, காயில் நிரபராதி. பூன் ஹெங் நிரபராதி. மழையும்.

ஒயரைத் திரும்ப மாட்டி,
பர்ஸில் கிடந்த நாலு நம்பர் சீட்டை,
விழாத சீட்டை,
பாயிண்ட் இரண்டுக்கும் நடுவே செருகினேன்.
இப்போது ஒன்றையொன்று தொடவில்லை.
ஆனாலும் விளக்கு இருட்டு.
மின்சாரம் வேறெங்கோ வடிகிறது.

தொட்டுக்கொண்டிருக்கும்போது வருவதில்லை பொறி.
இரண்டும் சட்டென்று விலகும் அந்த நொடியில்தான் வரும்.
இதை உவமையாக்காதே என்று எனக்கே சொல்லிக்கொண்டு
திருகைக் கழற்றினேன்.

பொட்டு அளவு வாஷர்.
ஸ்பிரிங்குக்கு அந்தப் பக்கம் இருக்கவேண்டியது
இந்தப் பக்கம்.
மாட்டியது யார்?
ஞாயிற்றுக்கிழமை கதவை அறைந்துவிட்டு இறங்கி வந்து
கை நடுங்க நடுங்கப் புதுப் பாயிண்ட் போட்டவள்.
திங்களிலிருந்து பஸ்ஸில் வேலைக்குப் போகிறவள்.
முதலில் பார்த்திருக்கவேண்டிய இடம்.
கடைசிவரை அங்கே பார்க்காமல் இருந்திருக்கிறேன்.

என்னவாம்? உள்ளிருந்து கேட்டது.
மூன்றாவது சொல்.

வாஷர். நான்தான் மாத்திப் போட்டுட்டேன். தப்பு என்னோடது.

பதிலில்லை.
சாவிக்கொத்து ஆடும் சத்தம் மட்டும்.

சரியாக மாட்டினேன். போடு.
டிக்,
அரிசி அகலத்தில் நீலம். டிக். டிக்.
நிறுத்து சொல்ல மறந்துவிட்டேன்.

சாவி திருப்புகிறவனுக்குப் பொறி தெரிவதில்லை.
வா, நீயும் பாரு, என்று இடம் மாறினோம்.
சீட்டில் அவன் சூடு இன்னும் இருந்தது.
ஒயரை அவன் பிடிக்கக்கூடாத இடத்தில் பிடிப்பான்,
சொல்லவேண்டும், என்று தோன்றியபோது
சாவியைத் திருப்பியிருந்தேன்.

பானட்டுக்குப் பின்னாலிருந்து வந்தது
மூன்று நாளில் அவனுடைய முதல் முழு வாக்கியம்.
அதை அச்சில் போட முடியாது.
நான் சிரித்த சிரிப்பில்
எங்கோ ஒரு மோட்டார்சைக்கிளின் அலாரம் அலறியது.

கையை உதறும் சத்தம்.
தொண்டையைச் செருமும் சத்தம்.
பிறகு,

போடு, என்றான்.