பழைய ரூட்டர் ஓடுமா

வேறு கம்பெனிக்கு மாறுவது என்று
தஸ்தகீர் பாய் முடிவெடுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை.
அன்றோடு ஒன்பதாவது நாள்
பெட்டியில் சிவப்பு விளக்கு.
"தண்ணியில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை,
நம்ம ஊர் கணக்குல இதையும் சேர்த்துக்கோ"
என்று அதன் மண்டையில் தட்டினார்.

பாபு ராவ் தெருவில் ரூம் தேடி வருகிறவர்கள்
வெந்நீரைப் பிறகுதான் விசாரிப்பார்கள்.
முதல் கேள்வி, "வைஃபை ஆச்சே?"
வங்காளத்தில் அதற்கு, இருக்கிறதா என்று அர்த்தம்.
வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் காதில்
முடிஞ்சு போச்சே என்று விழுந்தது.
அந்த ஒன்பது நாளும்
என் காது சொன்னதுதான் சரி.

எபனேசர் வந்தான், சத்துவாச்சாரிப் பையன்,
தோளில் கறுப்பு வயர்ச் சுருள்.
தலைமுடி கனத்தில் ஒரு கண்ணாடி இழையை
இன்னொன்றோடு சின்னப் பொறியில் ஒட்டவைத்தான்.
மின்விசிறியை நிறுத்திவிட்டு
வேர்க்க வேர்க்க நின்று பார்த்தோம்.
பாய் கேட்டது ஒன்றே ஒன்று:
"பழைய ரூட்டர் ஓடுமா?"

அதைக் கவிழ்த்து அடியில் இருந்ததைப் படித்தான்.
"இது போன் கம்பிக்குப் பொறந்தது பாய்.
வெளிச்சத்தைக் கொடுத்தா வாங்கத் தெரியாது.
அதுக்கு எங்க பெட்டி இருக்கு.
ஆனா இந்த நாலு மஞ்சள் ஓட்டையும் உயிரோடதான் இருக்கு.
மூணாவது மாடியில வெச்சுக்கலாம்,
கீழேருந்து ஒரு வயர் இழுத்தாப் போதும்.
அட்ரஸ் குடுக்கற வேலையை மட்டும்
இதுகிட்டேருந்து பிடுங்கிடணும்.
ரெண்டு பெட்டியும் குடுத்தா
ஒரே நம்பர் ரெண்டு போனுக்குப் போயிடும்."

எனக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.
ஒரு லாட்ஜுக்கு இரண்டு ரிசப்ஷன்.
போன ஆடியில் நானும் பலராமனும்
ஆளுக்கொரு நோட்டில் எழுதி
207-ஐ அகர்தலாக் குடும்பத்துக்கும் கொடுத்தோம்
ஐஸ்வால் பாதிரியாருக்கும் கொடுத்தோம்.
ராத்திரி இரண்டு மணிக்கு அவர்
ஸ்கேன் உறையை மடியில் வைத்துக்கொண்டு
படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார்.
கோபப்படவே இல்லை.
அதைத்தான் தாங்க முடியவில்லை.

பிறகு பெயரும் பாஸ்வேர்டும்.
புதுசு வையுங்கள், அதுதான் பாதுகாப்பு என்றான்.
பாய் மாட்டேன் என்றார்.
பதினெட்டுக் கதவின் பின்னாலும்
செக்-அவுட் நேரத்துக்குக் கீழே
பச்சைப் பெயிண்டில் எழுதியிருக்கிறது.
"பெயிண்டர் கூலி நீ தர்றியா?"
பழசையே போட்டான், இரண்டு பெட்டியிலும்.
"போனுக்குக் கம்பெனி மாறினது தெரியாது பாய்.
பேரும் சொல்லும் பொருந்தினா
தானா வந்து ஒட்டிக்கும்."

இப்போது என் போனில் ஒரு ஆப்.
யார் ஒட்டினாலும் சின்னதாக ஒரு டிங்.
ஷிபானி-ஓப்போ. டிங்கு.
சோட்டு எலெக்ட்ரிக்கல்ஸ்.
தொடாதே, இது அப்பாவுடையது.

நேற்று விடியற்காலை நாலே கால்.
காட்பாடியில் ஹவுரா வண்டி வந்து
அரைமணி ஆகியிருக்கும்.
ஷட்டரைப் பாதி இறக்கி வைத்திருந்தேன்.
டிங்.
பிமலேந்து-ரத்னா.

ஜனவரியில் இருபத்திரண்டு நாள் 304-இல் இருந்தவர்கள்.
இரண்டு பேருக்கும் ஒரே போன்.
காலையில் அந்தம்மா பேசுவார், இரவில் அவர்,
மால்டாவில் பரீட்சைக்குப் படிக்கும் மகளிடம்.
ஆறு மாதத்தில் ரிவ்யூ என்று சொல்லிப் போனார்கள்.

வெளியே ஆட்டோ அணையும் சத்தம்.
கீழ்ப் பெட்டியில் ஒரே ஒரு கோடு சிக்னல்,
இன்னும் தெருவில்தான் நிற்கிறது.
போன் வந்துவிட்டது.
எத்தனை பேர் இறங்குகிறார்கள் என்பது
ஆப்பில் காட்டாது.

ஷட்டரைத் தூக்குவதற்கு முன்னால்
அலமாரியைத் திறந்து
தலையணை எடுத்து வைத்தேன்.
இரண்டு.